புழுவுக்கு வந்த காமாலை புள்ளைக்கும் வருமா?

1/
கொஞ்சம் நீளமான இழை. டீயை வச்சுக்கிட்டு உக்காருங்க.

கம்பம் பள்ளத்தாக்குல ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கம்னாலே வெளியூர்க்காரங்களுக்கு பன்னீர் திராட்சை, வாழை, முல்லைப்பெரியாறு, மலை மேல ஏலக்காய்தான் ஞாபகம் வரும். தேனி மாவட்டத்துல பட்டுப்புழுவும் வளர்க்கிறாங்கன்னு நிறைய பேருக்குத் தெரியாது. தோட்டத்துல மல்பெரி, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஷெட். இதை நம்பி ஓடுற குடும்பங்கள் என் ஓபி வரிசையிலயே இருக்கு.

இன்னைக்கு அந்தப் பட்டுப்புழுவைக் கொல்ற ஒரு வைரஸ் பத்தி சொல்லப்போறேன். கூடவே, ஒரு கேள்விக்கு நான் பாதி பதில் மட்டும் சொன்னதால என்ன ஆச்சுன்னும் சொல்றேன். சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
ஒரு திங்கக்கிழமை. ஓபியில நல்ல கூட்டம். ஒரு அக்கா எட்டு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. நாலு நாளா காய்ச்சல், வாந்தி, சோறு வேண்டாங்கறான். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். கண்ணு மஞ்சள். ஒண்ணுக்கு எப்படிப் போகுதுன்னு கேட்டேன். "கடுங்காப்பி கணக்கா போகுது சார்"னாங்க.

காமாலைதான். ரத்தம் எடுக்க எழுதிக்கிட்டு இருக்கும்போது அந்தக் கேள்வி வந்துச்சு.

"சார், எங்க ஷெட்டுல புழுவுக்கும் காமாலை வந்து பொதுபொதுன்னு செத்துக்கிட்டு இருக்கு. அதுதான் இவனுக்கும் ஒட்டிக்கிச்சா?"

நான் சிரிச்சுட்டேன். "புழு நோயெல்லாம் மனுசனுக்கு வராதுக்கா. தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடுங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க." மொத்தமே பத்து செகண்ட்தான் ஆகியிருக்கும்.

3/
பையனோட ரிப்போர்ட் வந்துச்சு. ஹெபடைடிஸ் ஏ. அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா வர்ற கல்லீரல் வைரஸ். குழந்தைங்கள்ல பெரும்பாலும் தானா சரியாகிடும். இவனும் தேறி வந்தான்.

பத்து நாள் கழிச்சு, நான் நைட் டூட்டி. கேஷுவாலிட்டிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. அதே அக்கா. இந்தத் தடவை நோயாளி அவங்கதான். கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா ஊத்துது, விடாத இருமல், மூச்சு வாங்குது, ஆக்சிஜன் அளவு குறைஞ்சிருந்துச்சு. சேலையில ஃபார்மலின் வாடை. நாங்க படிக்கும்போது உடற்கூறியல் ஹால்ல அடிச்ச அதே வாடை.

புழு ஷெட்டைக் கதவு ஜன்னல் எல்லாம் அடைச்சுட்டு, முந்தானையை மூக்குல கட்டிக்கிட்டு, அவங்க கையாலேயே ஃபார்மலினை மருந்தடிக்கிற டேங்கில ஊத்தி அடிச்சிருக்காங்க. ஒரு தடவை இல்ல, மூணு நாளா. அளவும் அவங்களே கூட்டிக்கிட்டது.

4/
ஆக்சிஜன், நெபுலைசேஷன், கண்ணைக் கழுவி விட்டது, ராத்திரி முழுக்க கண்காணிப்பு. இந்த மாதிரி வாயு உள்ள போனா சில மணி நேரம் கழிச்சும் நுரையீரல்ல நீர் கோக்கலாம். அதனால தூங்க விடாம பார்த்துக்கிட்டோம். நல்லவேளை, காலையில சரியாயிட்டாங்க.

ரவுண்ட்ஸ் போனப்ப கொஞ்சம் கோவமாவே கேட்டேன். "அன்னைக்கே சொன்னேன்ல, அது மனுசனுக்கு வராதுன்னு?"

அவங்க மெதுவா சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. "வராதுன்னு சொன்னீங்க சார். ஏன் வராதுன்னு சொல்லலையே. எம் பிள்ளை கண்ணு மஞ்சளா இருந்துச்சு. எனக்கு எப்படி மனசு கேக்கும்?"

என்கிட்ட பதில் இல்ல. உண்மையைச் சொன்னா, ஏன் வராதுன்னு அன்னைக்கு எனக்கே சரியாத் தெரியாது. எம்பிபிஎஸ்ல பூச்சிகளோட வைரஸ் பத்தி யாரும் பாடம் எடுக்கிறதில்ல.

அதுக்கப்புறம் உக்காந்து படிச்சேன். படிச்சதைத்தான் இனிமே உங்களுக்குச் சொல்றேன்.

5/
முதல்ல பேரு. அந்தப் புழு நோய்க்கு கிராசரின்னு பேரு. பிரெஞ்சு வார்த்தை. பட்டுப்புழு வளர்ப்புப் புத்தகங்கள்ல பக்கத்துலயே 'ஜாண்டிஸ்'னும் இன்னொரு பேர் போட்டிருக்கும். மஞ்சள் கூடு கட்டுற ரகங்கள்ல நோய் வந்த புழுவோட உடம்பும் ரத்தமும் மஞ்சளாத் தெரியும், அதனால வந்த பேர். அக்கா வீட்டுல யாரோ போன்ல தேடிப் படிச்சுக் காட்டியிருக்காங்க. 'ஜாண்டிஸ்'னு பார்த்ததும் பயம் பிடிச்சிருச்சு.

நமக்கு வர்ற காமாலை வேற. நம்ம சிவப்பணு உடையும்போது வர்ற பிலிருபினைக் கல்லீரல் வெளியேத்தும். கல்லீரல் அடி வாங்குனா அது தேங்கி கண்ணு மஞ்சளாகும். பட்டுப்புழுவுக்கு சிவப்பணுவும் கிடையாது, கல்லீரலும் கிடையாது. நிறம்தான் ஒண்ணு. நோய் வேற வேற.

இதை அன்னைக்கே ஓபியில சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

6/
நாள் கணக்கும் ஒண்ணு இருக்கு. ஹெபடைடிஸ் ஏ உள்ள போனதுல இருந்து கண்ணு மஞ்சளாக சராசரியா 28 நாள் ஆகும் (15 முதல் 50 நாள் வரை). பட்டுப்புழு முட்டையை விட்டு வெளிய வந்து கூடு கட்டவே கிட்டத்தட்ட 25 நாள்தான். அக்கா வீட்டுப் புழுவுக்கு நோய் தெரிஞ்சது கடைசிப் பருவத்துல, அதாவது நாலாவது தோலுரிப்புக்கு அப்புறம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பையன் உடம்புக்குள்ள வைரஸ் போனப்ப, அந்தப் புழுக்கள் பெரும்பாலும் முட்டையை விட்டே வெளிய வந்திருக்காது. ஒரே வாரத்துல ரெண்டும் வெளிய தெரிஞ்சது தற்செயல். ஆனா ஒரு தாய்க்கு அது தற்செயலாத் தெரியாது.

7/
அக்கா வீட்டுக்காரர்கிட்ட, நோய் வந்த புழு ஒண்ணு கொண்டு வர முடியுமான்னு கேட்டேன். ஒரு டப்பாவுல கொண்டு வந்தார். உடம்பு வீங்கி, கணுக்கணுவா புடைச்சு, தோல் பளபளன்னு இருந்துச்சு. லேசா கால்ல குத்துனதும் பால் மாதிரி வெள்ளையா ஒரு சொட்டு வந்துச்சு. ஆரோக்கியமான புழு ரத்தம் தெளிவா இருக்கும்.

நம்ம லேப் அண்ணன் அதை ஸ்லைடுல தடவி, சளியும் மலேரியாவும் பார்க்கிற அதே மைக்ராஸ்கோப்புல வச்சார். "சார், இங்க வந்து பாருங்களேன்"னார்.

கண்ணாடித் துண்டு மாதிரி, பட்டை தீட்டுன கல்லு மாதிரி, ஆயிரக்கணக்குல மின்னிக்கிட்டு கிடந்துச்சு. ஒவ்வொண்ணும் 2 முதல் 6 மைக்ரான். நம்ம சிவப்பணு 7 மைக்ரான். சாதாரணமா ஒரு வைரஸை இந்த மைக்ராஸ்கோப்புல பார்க்கவே முடியாது. அப்ப இது என்ன?

8/
அது வைரஸ் இல்ல, வைரஸ் போட்டிருக்கிற சட்டை.

கல்கண்டு பார்த்திருப்பீங்க. நடுவுல நூல் இருக்கும், சுத்தி சர்க்கரைப் படிகம் வளர்ந்திருக்கும். அதே கணக்குதான். உள்ள குச்சி குச்சியா நிறைய வைரஸ். சுத்தி ஒரே ஒரு புரதம் அடுக்கடுக்கா கோத்து படிகமா நிக்குது. அந்தப் புரதத்துக்கு பாலிஹெட்ரின்னு பேரு. பல முகம் கொண்டதுன்னு அர்த்தம். வெறும் 245 அமினோ அமிலம் நீளமுள்ள சின்னப் புரதம். படிகத்துக்குள்ள குச்சி மாதிரி வைரஸ் இருக்குன்னு 1947-ல பெர்கோல்டுங்கற விஞ்ஞானி காட்டினார்.

இந்த ஒரு புரதத்தைப் புரிஞ்சுக்கிட்டா போதும். அக்காவோட ரெண்டு கேள்விக்கும் பதில் கிடைச்சிரும். ஒண்ணு, இது ஏன் பிள்ளைக்கு வராது? இன்னொண்ணு, எவ்வளவு கழுவினாலும் இது ஏன் ஷெட்டை விட்டுப் போக மாட்டேங்குது?

9/
இந்த வைரஸ் பேரு பாம்பிக்ஸ் மோரி என்பிவி. பாக்குலோவைரஸ் குடும்பம். ஹெபடைடிஸ் ஏ வைரஸோட மரபணுத் தொகுப்பு சுமார் 7,500 எழுத்து. கொரோனாவுக்கு சுமார் 30,000. இதுக்கு சுமார் 1,28,000 எழுத்து. 130-க்கு மேல மரபணு. வைரஸ்கள்ல இது பெரிய குடும்பஸ்தன்.

புழு இலையோட சேர்த்து இந்தப் படிகத்தைத் தின்னுது. புழுவோட குடல் நம்மளுது மாதிரி இல்ல. கடும் காரத்தன்மை, பிஹெச் 10-ஐத் தொடும். அந்தக் காரத்துல பாலிஹெட்ரின் கரையும். சட்டை கழண்டதும் குச்சிகள் வெளிய வந்து குடல் செல்லைப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல தனித்தனிப் புரதங்கள் இருக்கு, சாவி மாதிரி. அந்தச் சாவி பூச்சியோட குடல் செல் பூட்டுக்குத்தான் பொருந்தும்.

10/
உள்ள போனதும் அது பண்ற வேலைகளைக் கேளுங்க.

நோய்க்கிருமி புகுந்த செல், பக்கத்து செல்லைக் காப்பாத்த தன்னைத்தானே அழிச்சுக்கும். நம்ம உடம்புலயும் இது உண்டு. இந்தக் குடும்ப வைரஸ்கள்ல பி35-ங்கற ஒரு மரபணு இருக்கு. அது செல்லை சாகவிடாமப் பிடிச்சு வச்சுக்கும். பூச்சி செல்லுல இது எப்படி நடக்குதுன்னு 1991-ல கண்டுபிடிச்சாங்க. செல் உயிரோட இருந்தாத்தானே வைரஸுக்குத் தொழிற்சாலை ஓடும்?

அடுத்து ஈஜிடின்னு ஒரு மரபணு. புழு தோலுரிக்கிற ஹார்மோனை அது செயலிழக்க வைக்கும். தோலுரிக்கப் போற புழு தீனியை நிறுத்திரும். தோலுரிக்காத புழு தின்னுக்கிட்டே இருக்கும், வைரஸுக்கு அத்தனையும் லாபம். 1989-ல வந்த கண்டுபிடிப்பு இது.

கடைசியா கைட்டினேஸ், கெத்தெப்சின்னு ரெண்டு நொதி. தோலையும் சதையையும் கரைச்சிரும். புழு பொதுக்குன்னு உடைஞ்சு பால் மாதிரி ஒழுகும். ஒரு புழுவுல இருந்தே கோடிக்கணக்கான படிகங்கள் இலை மேல சிந்தும்.

11/
எனக்கு ரொம்ப வியப்பா இருந்தது இன்னொண்ணு. அக்கா வீட்டுக்காரர் சொன்னார்: "சாகப்போற புழு ஒரு எடத்துல கிடக்காது சார். படுக்கையோட ஓரத்துக்கு ஓடும், விளிம்புல ஏறித் தலைகீழாத் தொங்கும்."

பட்டு வளர்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச அறிகுறி இது. 2005-ல ஜப்பான், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதே பட்டுப்புழு வைரஸ்ல பிடிபி-ங்கற ஒரு மரபணுவை எடுத்துட்டுப் பார்த்தாங்க. அந்த வைரஸ் தாக்குன புழுக்கிட்ட அந்த அலைச்சல் இல்ல. அதாவது, புழுவை நடக்க வைக்கிறதே வைரஸோட மரபணு. அதை அந்த வைரஸோட மூதாதை, ஒரு காலத்துல ஏதோ பூச்சிகிட்ட இருந்தே எடுத்துக்கிட்டதுன்னு கருதுறாங்க.

மேல ஏறிச் செத்தா கீழ இருக்கிற இலையெல்லாம் நோய் சிந்தும். ஷெட்டுல ஒரு புழு ஓடி விளிம்புல தொங்குதுன்னா, அது தன் விருப்பத்துக்கு ஓடல.

12/
சரி, இவ்வளவு சாமர்த்தியமான வைரஸ் நம்மள ஏன் விட்டு வைக்குது?

முதல் பூட்டு நம்ம வயிறு. அமிலம், பிஹெச் 2 பக்கம். சட்டை கழள கடும் காரம் வேணும். நம்ம குடல் முழுக்கத் தேடினாலும் அந்த அளவு காரம் கிடைக்காது.

ரெண்டாவது பூட்டு செல் வாசல். குடல்ல அது வச்சிருக்கிற சாவி பூச்சிக் குடலுக்கானது.

மூணாவது பூட்டுதான் பெருசு. அதோட மரபணுக்கள் பூச்சி செல்லோட இயந்திரத்துல ஓடத்தான் எழுதப்பட்டிருக்கு. நம்ம செல்லுல அது பெருகாது.

13/
படிக்கும்போது ஒரு இடத்துல எனக்கே திக்குன்னு ஆச்சு. மறைக்காம சொல்லிடறேன். 1995-ல ஜெர்மனியில ஒரு ஆய்வு. இந்தக் குடும்ப வைரஸ் மனித கல்லீரல் செல்லுக்குள்ள நுழையுதுன்னு காட்டினாங்க. கல்லீரல்! அக்கா பயந்தது சரிதானோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு.

முழுசாப் படிச்சேன். அது ஆய்வகத்துல தட்டுல வளர்த்த செல். சட்டை இல்லாத வைரஸை நேரா செல் மேலயே ஊத்துறாங்க. நுழையுது, ஆனா பெருகல. உள்ள போய் சும்மா நிக்குது. அதனாலதான் அதை மரபணு கொண்டு போற வண்டியா உபயோகிக்கப் பார்க்கிறாங்க. அதுவும் நம்ம ரத்தத்துல இருக்கிற காம்ப்ளிமென்ட்ங்கற காவல் புரதங்கள் அதை அடிச்சு வீழ்த்திருதுன்னு பிறகு தெரிஞ்சு, அந்த வண்டியை ஓட்டுறதே சிரமமாப் போச்சு.

ஆக, அக்காவுக்கான முழு பதில்: ஷெட்டுல இருக்கிற படிகம் பிள்ளை வாயில பட்டாலும் சட்டை கழளாது. சட்டை கழண்டு ஒரு செல்லுக்குள்ள போனதாவே வச்சுக்கிட்டாலும் பெருகாது. பெருகாத வைரஸால நோய் உண்டாக்க முடியாது.

14/
இப்ப ரெண்டாவது கேள்வி. ஏன் ஷெட்டை விட்டுப் போக மாட்டேங்குது?

அதே சட்டைதான் காரணம். படிகத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் காய்ஞ்ச தரையிலயும், சுவர் வெடிப்புலயும், தட்டு இடுக்குலயும் வைரஸ் வருஷக்கணக்குல இருக்கும். அடுத்த பேட்ச் புழுவோட குடலுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். வெறும் தண்ணி ஊத்திக் கழுவினா, இடம் மாறும், சாகாது.

அப்ப சட்டையைக் கழட்டணும். எதுல கழளும்? காரத்துல. நம்ம கையில இருக்கிற மலிவான காரம் எது?

சுண்ணாம்பு!

கிருமிநீக்கக் கரைசல்ல நீத்த சுண்ணாம்பு சேர்க்கச் சொல்றதும், தோலுரிப்பு சமயத்துல படுக்கையில சுண்ணாம்புத் தூள் தூவச் சொல்றதும் இதனாலதான். புழு வயித்துல நடக்கிற கரைப்பைத் தரையிலயே நடத்தி விடுறோம். சட்டை கழண்டு அம்மணமா நிக்கிற வைரஸை பிளீச்சிங் பவுடர் சுலபமா முடிச்சிரும். தூவுற தூள் படுக்கையோட ஈரத்தையும் உறிஞ்சிரும்.

அக்கா ஃபார்மலினை மட்டும் ஏத்திக்கிட்டே போனாங்க. சுண்ணாம்பைச் சேர்க்கவே இல்ல. அதைச் சேர்த்தா என்ன பிரயோசனம்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

15/
இதுல எவ்வளவு பெரிய வாழ்க்கைப் பிரச்சனை இருக்குன்னும் புரிஞ்சுக்கணும். நூறு முட்டைத் தொகுதின்னா கிட்டத்தட்ட நாப்பது, அம்பதாயிரம் புழு. எழுபது கிலோ கூடு எடுக்கலாம்னு நினைச்ச இடத்துல அவங்களுக்கு இருபது கிலோகூட தேறல. நகை அடகுல இருக்கு. ஒரு பக்கம் புழு சாகுது, இன்னொரு பக்கம் பிள்ளை கண்ணு மஞ்சளா இருக்கு. "வராதுக்கா"ன்னு சிரிச்சுட்டுப் போன டாக்டர் வேற.

அவங்க செஞ்சது அறியாமைன்னு நான் சொல்ல மாட்டேன். கையில கிடைச்ச ஒரே ஆயுதத்தை எடுத்து பிள்ளைக்காகச் சண்டை போட்டாங்க. எதிரி யாருன்னு காட்டி விட வேண்டியது என் வேலை. நான் காட்டல.

16/
பட்டு வளர்க்கிறவங்களுக்கு ஒரு டாக்டரா நான் சொல்லிக்கிறது:

ஃபார்மலின்னா ஃபார்மால்டிஹைட் கரைஞ்ச தண்ணி. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகையில வச்சிருக்கு. வேற வழி இருந்தா அதைத் தொடாதீங்க.

எந்த மருந்து, எவ்வளவு அளவுங்கறதை பட்டு வளர்ச்சித் துறை அலுவலர்கிட்ட கேட்டு அப்படியே கலங்க. கூட ஊத்துனா கூட வேலை செய்யாது.

முந்தானையும் துண்டும் வாயுவைத் தடுக்காது. அதுக்குன்னு இருக்கிற முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை வேணும். அடிச்சிட்டு உடனே வெளிய வந்திருங்க. பிள்ளைங்க, கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவங்க பக்கத்துலயே வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரோட பாத்ரூம் கழுவுற ஆசிட்டைக் கலந்திராதீங்க. குளோரின் வாயு கிளம்பும்.

மூச்சு திணறினா முதல்ல திறந்த வெளிக்கு வாங்க. கண்ணைத் தண்ணியில விட்டு விட்டு இல்லாம தொடர்ந்து கழுவுங்க. 108-க்கு அடிங்க. சரியான மாதிரி தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிட்டுப் போங்க.

17/
காமாலை வந்த பிள்ளைக்கு:

குடிதண்ணியை நல்லாக் கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடுங்க. கக்கூஸ் போயிட்டு வந்தும், சாப்பாட்டுக்கு முன்னாடியும் சோப்பு போட்டுக் கை கழுவணும். வீட்டுல மத்தவங்களுக்குப் பரவாம இருக்க இதுதான் வழி.

உப்பில்லாப் பத்தியம் தேவையில்ல. அவன் விரும்புற சாதம், இட்லி, கஞ்சி, பழம் குடுங்க. கண்ணுல மருந்து ஊத்துறது, கையில சூடு வைக்கிறது எதுவும் வேண்டாம். பாராசிட்டமால்கூட எங்ககிட்ட கேட்டுட்டுத்தான்.

பிள்ளை விடாம வாந்தி எடுத்தாலோ, பகல்ல தூங்கிக்கிட்டே இருந்தாலோ, குழப்பமாப் பேசினாலோ, எங்கயாவது ரத்தம் கசிஞ்சாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க. ஹெபடைடிஸ் ஏ-க்குத் தடுப்பூசியும் இருக்கு. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

18/
இந்த வைரஸ் கெட்டது மட்டும்தான் பண்ணுதான்னு கேப்பீங்க. இல்ல.

பாலிஹெட்ரின் புரதத்தை வைரஸ் மலை மலையா செஞ்சு குவிக்கும். ஆனா ஆய்வகத்துல செல் விட்டு செல் பரவ அதுக்கு இந்தச் சட்டை தேவையே இல்ல. 1983-ல அமெரிக்காவுல சம்மர்ஸ், ஸ்மித் குழுவினர் பூச்சி வைரஸ் ஒண்ணுல பாலிஹெட்ரின் இருந்த இடத்துல மனித இன்டர்ஃபெரான் மரபணுவை வச்சாங்க. வைரஸ் சட்டைக்குப் பதிலா மருந்து தைக்க ஆரம்பிச்சிருச்சு. 1985-ல ஜப்பான்ல மாயேடா குழு நம்ம பட்டுப்புழு வைரஸ்லயே இதைச் செஞ்சு, உயிருள்ள பட்டுப்புழுவுக்குள்ள இன்டர்ஃபெரான் எடுத்தாங்க.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசிகள்ல ஒண்ணான செர்வாரிக்ஸ் இந்த முறையில வந்ததுதான். நம்ம நாட்டுல 2021 டிசம்பர்ல அவசர அனுமதி வாங்குன கோவோவேக்ஸ் கொரோனா தடுப்பூசியும் அப்படித்தான். அதுக்கு எந்தப் பூச்சியோட செல் தெரியுமா? 2018-ல இந்தியாவுக்குள்ள வந்து நம்ம மக்காச்சோளத்தைத் தின்னு தீர்த்ததே அதே படைப்புழுவோட செல்!

வயல்லயும் இந்தக் குடும்பம் உதவுது. கொண்டைக்கடலை காய்ப்புழுவுக்கு அதுக்கே உரிய என்பிவி கரைசல் இருக்கு. வெயில் பட்டா வைரஸ் செத்துரும்னு சாயங்காலம் அடிக்கச் சொல்வாங்க. கூட வெல்லமும், துணிக்குப் போடுற நீலமும் கலப்பாங்க. வெல்லம் புழு திங்கறதுக்கு, நீலம் வெயிலை மறைக்கிறதுக்கு. பூச்சிமருந்து குடிச்சும் சுவாசிச்சும் வர்ற கேஸ்களை வாராவாரம் பார்க்கிற எனக்கு, மனுசனைத் தொடாத ஒரு பூச்சிக்கொல்லி எவ்வளவு பெரிய விஷயம்னு புரியுது.

19/
டிஸ்சார்ஜ் அன்னைக்கு அக்காவை லேபுக்குக் கூட்டிட்டுப் போய் மைக்ராஸ்கோப்புல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இம்புட்டு அழகா இருக்கே சார்"னாங்க.

வயிறு, காரம், சட்டை, சுண்ணாம்பு எல்லாம் சொன்னேன். ஆறு நிமிஷம் ஆச்சு. வெளிய வரிசை நின்னுக்கிட்டு இருந்துச்சு, நர்ஸ் சிஸ்டர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தாங்க. பரவாயில்லன்னு இருந்தேன்.

மூணு மாசம் கழிச்சு பையனுக்கு சளின்னு வந்தாங்க. கூட அதே ஊர்க்கார அம்மா ஒருத்தங்க. அவங்களும் புழு வளர்க்கிறவங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அக்காவே அவங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க: "அந்தக் கிருமிக்கு ஒரு சட்டை இருக்கும்க்கா. நம்ம வயித்துல அது கழளாது. சுண்ணாம்புல கழண்டுரும். அதனால பிள்ளைய நினைச்சுப் பயப்படாத, சுண்ணாம்பை மறக்காத."

என்னைவிட நல்லா சொன்னாங்க.

20/
சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓபியில ஒரு நாளைக்கு நூத்தம்பது பேரைப் பார்க்கிறோம். எல்லாத்துக்கும் விளக்கம் சொல்ல நேரம் இல்லங்கறது நிஜம்தான். ஆனா ஒருத்தங்க பயந்துபோய் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டா, அதுக்குப் பின்னாடி வீட்டுல ஏதோ ஒண்ணு நடந்துக்கிட்டு இருக்கு. "வராது"ங்கறதோட நிறுத்தாதீங்க. ஏன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க. தெரியலைன்னா, "படிச்சுட்டு சொல்றேன், ரெண்டு நாள் கழிச்சு வாங்க"ன்னு சொல்லுங்க. எனக்கு அது தெரிஞ்சிருந்தா ஒரு ராத்திரி ஆக்சிஜன் மிச்சமாகியிருக்கும்.

மத்தவங்களுக்கு: டாக்டர் "ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னா, "ஏன் சார்?"னு திரும்பக் கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

பட்டு வளர்க்கிற சொந்தங்கள் யாராவது இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. நைட் டூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.



அரசு மருத்துவர்,
தேனி மாவட்டம்